ஐ.இ.யா, இ.ஜி.யா?

'விண்ணப்பத்துடன் அடையாள ஆவணம் ஒன்றை இணைக்கவும்' என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் 'ஐ.இ. பாஸ்போர்ட்' என்று போட்டால், பாஸ்போர்ட்டைத் தவிர வேறெதுவும் செல்லாது. அதே இடத்தில் 'இ.ஜி. பாஸ்போர்ட்' என்று போட்டால், ஓட்டுநர் உரிமத்தோடு வருபவரைத் திருப்பி அனுப்ப முடியாது. இரண்டே எழுத்தில் விதி மாறிவிடுகிறது.

இரண்டும் லத்தீன் சுருக்கங்கள். முன்னது 'இட் எஸ்ட்': நம் 'அதாவது'. பின்னது 'எக்ஸெம்ப்ளி கிராஷியா': எடுத்துக்காட்டின் பொருட்டு. விரிவை மனப்பாடம் செய்வதைவிட, தமிழை வைத்துப் பார்ப்பது எளிது. 'சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்கள்' என்றால் மூன்றோடு முடிந்தது. 'முதலிய நிறங்கள்' என்றால் இன்னும் உண்டு. 'ஆகிய' பொருந்துகிற இடத்தில் ஐ.இ., 'முதலிய' பொருந்துகிற இடத்தில் இ.ஜி. இந்தச் சோதனை என்னை ஒருமுறையும் கைவிட்டதில்லை.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். இ.ஜி. போட்டுத் தொடங்கிய பட்டியலின் கடைசியில் 'எட்செட்ரா' தேவையில்லை. பட்டியல் முழுமையானதல்ல என்று முதலிலேயே சொல்லியாயிற்று. 'அண்ட் எட்செட்ரா' தெளிவான பிழை. 'எட்' என்பதற்கே 'அண்ட்' என்றுதான் பொருள். ஆய்வுக் கட்டுரைகளில் 'மற்றவர்களும்' என்ற பொருளில் வரும் 'எட் ஆல்.' சுருக்கத்தில் 'எட்' முழுச்சொல், எனவே அதன்பின் புள்ளி வராது. 'ஆல்' சுருங்கியது, அதற்கு மட்டும் புள்ளி.

பொதுமக்களுக்கான அறிவிப்பு என்றால் இரண்டையும் விட்டுவிட்டு, 'தட் இஸ்', 'ஃபார் எக்ஸாம்பிள்' என்று விரித்தே எழுதலாம் என்பேன். பிரிட்டன் அரசின் இணையதளம் 2016-இல் அப்படித்தான் முடிவெடுத்தது. புள்ளியில்லாமல் எழுதிய இ.ஜி.யைச் சில திரைவாசிப்புச் செயலிகள் 'எக்' என்று, முட்டையாகவே, படித்துக் காட்டியதும் ஒரு காரணம்.

ஆங்கிலச் சொற்களுக்குள்ளேயே இப்படிப்பட்ட இரட்டைகள் உண்டு. 'அஃபெக்ட்' பெரும்பாலும் வினை: பாதிப்பது. 'எஃபெக்ட்' பெரும்பாலும் பெயர்: விளைவு. இதோடு நிறுத்திக்கொள்பவர்கள் 'எஃபெக்ட்' வினையாக வரும்போது தடுமாறுகிறார்கள். 'எஃபெக்ட் எ சேஞ்ச்' என்றால் மாற்றத்தைக் கொண்டுவருவது. 'அஃபெக்ட்' என்று மாற்றினால், ஏற்கெனவே நடக்கும் மாற்றத்தின் மேல் கைவைப்பதாகிவிடும். அந்த ஓரெழுத்தைத் தட்டச்சுப் பிழை என்று ஒதுக்க முடியாது.

'இம்ப்ளை', 'இன்ஃபர்' இரண்டும் ஒரே பேச்சின் இரு முனைகள். பேசுபவர் குறிப்பால் உணர்த்துகிறார்: இம்ப்ளை. கேட்பவர் உய்த்துணர்கிறார்: இன்ஃபர். 'நீங்கள் என்ன இன்ஃபர் செய்கிறீர்கள்?' என்று பேசுபவரிடமே கேட்பது இடம் மாறிய கேள்வி.

'டிஸின்டரெஸ்டட்', 'அன்இன்டரெஸ்டட்' வேறுபாடு மங்கிவருகிறது. முன்னதைப் பலர் 'ஆர்வமில்லாத' என்றே எழுதுகிறார்கள். நான் இன்னும் விடாமல் பிரித்தே எழுதுகிறேன். வழக்கை விசாரிக்கும் நீதிபதிக்கு அதில் சொந்த ஆதாயம் இருக்கக் கூடாது, அது முன்னது. விசாரணையின்போது கொட்டாவி விட்டால், அது பின்னது.