பழைய சுரங்கக் கழிவை அரிக்க காரெட் 14 அங்குலத் தட்டு

கலிஃபோர்னியாவின் பழைய சுரங்கக் கழிவு மேடுகளை அரித்துப் பார்க்கத் தொடங்குபவர்கள் காரெட் (Garrett) நிறுவனத்தின் இந்தப் பச்சை பிளாஸ்டிக் தட்டைத் தாராளமாக வாங்கலாம். ஒரு பக்கச் சுவரில் செங்குத்தாக வெட்டிய ஆழமான படிகள்தான் இதன் பலம். கை கொஞ்சம் தவறினாலும் தங்கம் அங்கே தேங்கிவிடும். கறுப்பு மணல், தங்கம் இரண்டுமே பச்சையில் தெளிவாகத் தெரியும்.

புதுத் தட்டில் எண்ணெய்ப் பசை இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு, மணலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இல்லையென்றால் மாவு போன்ற தங்கம் தண்ணீர்மேல் மிதந்தே போய்விடும். அரிக்கும் தண்ணீரிலும் ஒரு சொட்டு சோப்பு விடுங்கள்.

கழிவை முதலில் 8 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 8 கண்), பிறகு 30 மெஷ் சல்லடையில் சலித்து, ஒவ்வொன்றையும் தனியாக அரிக்க வேண்டும். பெரிய கல்லும் பொடியும் கலந்து கிடந்தால் சுழலும் தண்ணீர் பொடியைத்தான் முதலில் அடித்துக்கொண்டு போகும். தட்டில் பாதிக்கு மேல் போடாதீர்கள். தண்ணீருக்குள் அமிழ்த்தி, பக்கவாட்டில் வேகமாகக் குலுக்குங்கள். படிகள் உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி பிடித்து, அந்தப் பக்கமாகச் சாய்த்து, மேல்மண்ணை மட்டும் வழியவிடுங்கள். நான்கைந்து முறை வழியவிட்டதும் மறுபடி குலுக்க வேண்டும். பலர் தங்கத்தை விடுவது இந்த இடத்தில்தான். கடைசிப் பிடி மண்ணைத் தொட்டிக்குள்ளேயே அரித்தால், தவறியதைத் திரும்ப எடுக்கலாம். கறுப்பு மணலைக் காயவைத்த பிறகே காந்தம் காட்டுங்கள். ஈரத்தில் அது தங்கத்தையும் சேர்த்து இழுத்துவிடும்.

மஞ்சளாக மின்னினால் ஊசியால் அழுத்துங்கள். தங்கம் நசுங்கும், தங்கம் போல் மின்னும் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் நொறுங்கும். வெள்ளி நிறத் துணுக்கு வந்தால் கவனம்: அந்தக் காலத்தில் தங்கத்தைப் பிடிக்கக் கொட்டிய பாதரசம் ஒட்டிய தங்கமாக இருக்கலாம். வீட்டில் சூடாக்கவே கூடாது, ஆவி நுரையீரலைக் கெடுக்கும். மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் தண்ணீருக்கு அடியில் வையுங்கள்.

இந்தத் தட்டு பிடிப்பது தனியாகக் கிடக்கும் தங்கத்தை மட்டும். 2001இல் மூடப்பட்ட கோலார் தங்கவயலின் சயனைட் மேடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மாவாக அரைத்து, சயனைடில் கரைத்து எடுத்தபின் மிஞ்சிய மண் அது. அதில் தங்கம் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவுதான். பத்துக் கிலோவில் பத்து மில்லிகிராம்கூடத் தேறாது. அதிலும் பைரைட், ஆர்சனோபைரைட் (ஆர்சனிக் கலந்த கனிமம்) மணிகளுக்குள் சிக்கியிருப்பது தட்டில் தெரியவே தெரியாது. அப்படிப்பட்ட கழிவுக்கு ஆய்வகத்தில் 30 கிராம் மாதிரியை ஈய ஆக்சைடோடு உருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மேட்டின் மேல்தோலில் மட்டும் அள்ளாமல், பல ஆழங்களில் தோண்டி எடுத்துக் கலந்து கொடுங்கள்.