வளவுக்குக் குருவி வரணுமெண்டா சோறா, தண்ணியா, கூட்டாத மூலையா?

எங்கட வளவு ஆரையம்பதில, 10 பேர்ச்சஸ்தான், முழுக்க மணல். ஒரு மாமரம், ஒரு தேசி, கிணத்தடியில ரெண்டு வாழ, அவ்வளவுதான். குருவி பூச்சியெல்லாம் வந்து போகணும், புள்ளைகளும் பார்த்துப் படிக்கணும் எண்டு ரெண்டு வருஷமா மூண்டு விதமாயும் செஞ்சு பார்த்துட்டன். கேக்கிற ஆக்கள் கூட எண்டதால எழுதுறன்.

முதல்ல சோறு. எங்கட வீட்ட சனிக்கிழமை காகத்துக்கு வைக்காம ஆரும் வாயில வைக்க மாட்டாங்க, அது அம்மம்மா காலத்துப் பழக்கம், அத நான் விடவும் மாட்டன். ஆனா குருவி வரும் எண்டு தினமும் மதிலுக்கு மேல சோறு போட்டதுல வந்ததெல்லாம் காகம்தான், கூட ரெண்டு மைனா, ஒரு அணில். காகம் கூடினா சின்னக் குருவிட கூட்டுல முட்டையும் மிஞ்சாது குஞ்சும் மிஞ்சாது, செம்பரத்தையில கொண்டைக்குருவி கட்டின கூடு ரெண்டு நாளுல வெறுங்கூடாப் போச்சு, எனக்கு அண்டைக்கு சாப்பாடே இறங்கல்ல. ராவைக்கு எலியும் வரும், எலிக்குப் பின்னால பாம்பும் வரும். அதோட நிப்பாட்டிட்டன்.

தண்ணி வேற கதை. கச்சான் காத்து அடிக்கிற ஆனி ஆடியில மத்தியானம் மணல்ல கால் வைக்க ஏலாது, அந்த நேரம் ஒரு அகலமான மண்சட்டியில ரெண்டு விரல் அளவுக்குத் தண்ணி ஊத்தி நடுவுல ஒரு கல்லு வச்சுப் பாருங்க. முதல்ல வாறது புலுனி, ஏழெட்டா ஒண்டாத்தான் வரும், ரெண்டு மூண்டு இறங்கிக் குளிக்க ஒண்டு மட்டும் வாழை மட்டையில இருந்து சுத்திப் பார்த்துக்கொண்டே இருக்கும், மறுகா அது இறங்க இன்னொண்டு மேல ஏறும். செலவே இல்லாம இப்படி ஒரு காட்சி வேற எங்க கிடைக்கும் சொல்லுங்க. ரெண்டு விஷயத்துல மட்டும் கவனமா இருக்கணும். பூனை பதுங்குற பத்தைக்குப் பக்கத்துல சட்டிய வைக்கப்படாது. மத்தது நுளம்பு, டெங்கு பரப்புற நுளம்பு முட்டைய சட்டிட உள்பக்கத்துலதான் ஒட்டி வைக்கும், தண்ணி காஞ்சாலும் அந்த முட்டை மாசக்கணக்கா சாகாது, அதனால தண்ணிய ஊத்திட்டு நிரப்பினா மட்டும் போதாது, தும்பு போட்டு நல்லாத் தேய்க்கணும். நான் காலையில தேய்ச்சிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறது.

ஆனா என்ட மனசு மூண்டாவதுலதான். மாமரத்துக்குக் கீழ, வேலியோட ஒரு மூலைய கூட்டாம விட்டன். பக்கத்து வீட்டு அக்கா "என்னகா, வளவு காடாக் கெடக்கு" எண்டு கேட்டாவு. சருகு மக்கினதும் மண்புழு, மரவட்டை, சின்ன வண்டெல்லாம் சேர்ந்துட்டு. மாரி மழைக்கு நத்தை வந்தா அதத் தேடி செண்பகம் வரும், அந்த ரத்தச் சிவப்புக் கண்ண கிட்ட நிண்டு பார்த்தீங்களெண்டா மறக்க மாட்டீங்க. போன ஐப்பசியில ஒரு நாள் பின்னேரம் சருகுக்குள்ள ஏதோ சரசரக்குது, ஓந்தான் எண்டு நினைச்சன், பார்த்தா ஆறுமணிக்குருவி! கட்டை வால், பச்சை முதுகு, செட்டையில நீலம், வயித்துக்குக் கீழ சிவப்பு. இமயமலை அடிவாரத்துப் பக்கமெல்லாம் இருந்து கடல் தாண்டி வந்த குருவி, எங்கட மூலையில சருகப் பிரட்டிப் பிரட்டி புழு பொறுக்குது. கூட்டித் துப்புரவாக்கின முத்தத்துக்கு அது வராது, அதுக்குத் தேவையான சாப்பாடு சருகுக்குள்ளதான் இருக்கு.

பாம்புப் பயம் இருக்கிற ஆக்கள் வாசலுக்குக் கிட்ட இப்படி விடாதீங்க, வளவுட கடைசி மூலைதான் சரி, செருப்பில்லாம புள்ளைகள் போகவும் கூடாது.

தேசி மரத்துக்கு மருந்தடிக்கிறதையும் நிப்பாட்டினன். இலையில குருவி எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமா கெடக்கும், எச்சமில்ல, வண்ணத்திப் பூச்சிட புழு. கொஞ்சம் வளர்ந்து பச்சையானதும் ஒரு ஈர்க்கால மெல்லத் தொட்டா தலைக்குப் பின்னால கொம்பு மாதிரி ஒண்ட வெளிய நீட்டும், ஒரு புளிச்ச நாத்தம் அடிக்கும். மகள் முதல் தரம் கத்தினா, இப்ப தினமும் பள்ளிக்குப் போக முதல் எண்ணிப் பார்த்துட்டுத்தான் போறா. இலை கொஞ்சம் போகும்தான், மரம் சாகாது.

புதுசா தொடங்குறவங்க சட்டியோட தொடங்குங்க, அண்டைக்கே பலன் தெரியும். மூலைக்குப் பொறுமை வேணும், எனக்கு ஒரு வருஷம் போச்சு. குருவிட பேர் தெரிய ஃபோன்ல மெர்லின் ஆப் போட்டாக் காணும், சத்தத்த வச்சே சொல்லும், காசும் இல்ல. ஆனா எந்தத் தேதியில எது வந்தது எண்டு கொப்பியில எழுதி வைங்க, எங்கட கொப்பியில ஆறுமணிக்குருவி சித்திரை வரைக்கும் இருக்கு. இந்த முறை ஐப்பசி முடியிற வரைக்கும் அந்த மூலைக்கு விளக்குமாறோட ஆரும் போகப்படாது எண்டு வீட்ட இப்பவே சொல்லி வச்சிட்டன்.