மழை ரோட்டுக்குப் பட்டன் டயரா, மொட்டை டயரா?

போன மே மாதம் என் சைக்கிளுக்கு இரண்டு டயரையும் மாற்ற வேண்டி வந்தது. பழையது பட்டன் டயர், மேலே ரப்பர் கட்டிகள் துருத்திக்கொண்டு நிற்பது. சைக்கிள் வாங்கும்போதே அதோடு வந்தது. புதிதாக நான் வாங்கி வைத்திருந்தது ஸ்லிக், அதாவது வரியோ பட்டனோ எதுவும் இல்லாத வழவழ டயர். அதை விரலால் தடவிப் பார்த்த கடை அண்ணாச்சி, "தம்பி, மழை வரப் போவுது. இந்த மொட்டை டயரையா போடப் போறீய? வழுக்கீரும்லா" என்றார். முப்பது வருஷமாகச் சைக்கிள் பார்க்கிறவர், அக்கறையோடுதான் சொன்னார். ஆனாலும் அதையே மாட்டச் சொன்னேன். ஆனி ஆடி மழையும் ஐப்பசி மழையும் அதே டயரில் தாண்டியாகிவிட்டது.

நான் தினமும் நாகர்கோவிலிலிருந்து சுங்கான்கடை, வில்லுக்குறி வழியாகத் தக்கலை வரை போய் வருகிறவன். ஞாயிற்றுக்கிழமை முட்டம், குளச்சல் பக்கம் கடற்கரைச் சாலை. எல்லாமே தார் ரோடு. கீழே சொல்வது அந்த ரோட்டுக்குத்தான்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்லிக் லேசாக உருளும், சத்தம் போடாது. பட்டன் டயர் தார் ரோட்டில் வண்டு மாதிரி இரைந்துகொண்டே வரும், மிதிக்கவும் கனம். வெயில் காலத்துக்கு ஸ்லிக் போதும் என்று அண்ணாச்சியும் ஒத்துக்கொள்கிறார். சண்டையெல்லாம் மழையைப் பற்றித்தான். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் இங்கே அது சின்ன விஷயம் இல்லை.

கார் டயரில் ஆழமான பள்ளங்கள் இருப்பது தண்ணீர் வெளியே போவதற்கு. அது உண்மை. காரில் அந்தப் பள்ளம் தேய்ந்துபோனால், வேகமாகப் போகும்போது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து, வண்டி தண்ணீர் மேலேயே மிதக்கும். ஸ்டியரிங், பிரேக் இரண்டும் கைவிட்டுப் போகும். அதைப் பார்த்துத்தான் சைக்கிளுக்கும் பள்ளம் வேண்டும் என்று நினைக்கிறோம். ஆனால் இரண்டு டயரும் ரோட்டைத் தொடுகிற விதமே வேறு.

இதை வீட்டுத் திண்ணையில் செய்து பார்த்தேன். பின் டயரில் ஒரு சாண் நீளத்துக்கு ஸ்டாம்ப் பேட் மையைப் பூசி, கீழே வெள்ளைத் தாளைப் போட்டு, தம்பியைச் சைக்கிளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். இறங்கித் தாளை எடுத்தால் ஒரு வள்ளத்தின் அடிப்பாகம் பதிந்திருக்கிறது. நடுவில் இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் அகலம், ஏழு சென்டிமீட்டர் நீளம், இரண்டு முனையும் கூர்மை. கணக்கும் ஒத்து வருகிறது. நானும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ. அதில் பின் சக்கரத்தின் மேல் 50 கிலோ போல இறங்கும். காற்றழுத்தம் 50 பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு) என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் மூன்றரை கிலோ. வகுத்தால் 14 சதுர சென்டிமீட்டர் வருகிறது. என்னைத் தாங்குகிற இடம் அவ்வளவுதான்.

குளச்சலில் வள்ளம் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டாம். அணியம், அதாவது முன்முனை, கூராக இருப்பதால் தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து விலகும். சைக்கிள் டயர் மழைத் தண்ணீரைப் பிளப்பதும் அப்படித்தான். கார் டயரின் முன்பக்கம் அகலமான பலகை. தண்ணீர் விலகுவதற்கு நெடுந்தூரம் போக வேண்டும், அதனால் அதற்குப் பள்ளம் வெட்டிக் கொடுக்கிறார்கள்.

இதற்கு ஒரு சூத்திரமும் இருக்கிறது. விமான டயர்கள் ஈர ஓடுபாதையில் மிதப்பதை ஆராய்ந்து 1963-ல் நாசா ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி பி.எஸ்.ஐ-யில் உள்ள டயரின் காற்றழுத்தத்துக்கு வர்க்கமூலம் எடுத்து 10.35-ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை மைல் வேகத்தில் டயர் மிதக்கத் தொடங்கும் என்று கிடைக்கும். 32 பி.எஸ்.ஐ உள்ள கார் டயருக்கு அது மணிக்கு 94 கி.மீ. நம் நாற்கரச் சாலையில் சாதாரணமாகப் போகிற வேகம்தான், அதனால் காருக்குப் பள்ளம் கட்டாயம். 50 பி.எஸ்.ஐ உள்ள சைக்கிள் டயருக்கு அதே கணக்கில் 118 கி.மீ. வருகிறது. டயர் குறுகலாகவும் உருண்டையாகவும் இருப்பதால் நிஜத்தில் அதற்கும் மேலே போகும். நான் சுங்கான்கடை இறக்கத்தில் காற்று பின்னாலிருந்து தள்ளும்போதுகூட 45-ஐத் தாண்டியதில்லை. ஆக, சைக்கிள் டயரில் தண்ணீர் போக வரி வேண்டும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்படியானால் பிடிப்பு எங்கிருந்து வருகிறது? ரோட்டில் உட்கார்ந்து தாரைத் தடவிப் பாருங்கள். சின்னச் சின்ன ஜல்லி முனைகள், நடுவே இடுக்குகள். ரப்பர் அந்த முனைகளின் மேல் அமுங்கி, இடுக்குகளுக்குள் கொஞ்சம் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் போய்த் தங்குவதும் அதே இடுக்குகளில்தான். பட்டன் ரோட்டிலேயே இருக்கிறது; டயரிலும் இன்னொன்று இருந்தால் அது வெட்டுப்பட்ட இடத்தின் அளவுக்கு ரப்பர் ரோட்டைத் தொடாமல் போகிறது, அவ்வளவே.

பட்டன் இன்னொரு தொல்லையும் தரும். நேராகப் போகும்போது தெரியாது, வளைவில் சாய்க்கும்போது தெரியும். ஓரத்துப் பட்டன்கள் தனித்தனியாக நிற்பதால் பாரம் விழுந்ததும் அவை மடங்குகின்றன. வில்லுக்குறி தாண்டி ஒரு வளைவில், காய்ந்த ரோட்டிலேயே, பின் சக்கரம் புளியங்கொட்டை மேல் உருள்வது போல ஓர் அரை அடி விலகிப் போயிருக்கிறது. அன்றைக்குத்தான் டயரை மாற்றுவது என்று முடிவெடுத்தேன். அதே வளைவில் ஸ்லிக் ஒரு தடவையும் அப்படிச் செய்யவில்லை, மழையிலும்.

இரண்டு டயரையும் மாற்றி மாற்றிப் போட்டு, நனைந்த ரோட்டில் ஒரே இடத்தில் பிரேக் பிடித்தும் பார்த்தேன். நிற்கிற தூரத்தில் ஸ்லிக் ஓரிரு அடி முந்தியது. ஆனால் அதை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். ஒன்று புது ரப்பர், மற்றது நாலு வருஷப் பழையது. சரிசமமான போட்டி இல்லை.

அந்தப் பழைய ரப்பரில்தான் நிஜமான விஷயம் இருக்கிறது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், புது ஷீட் எப்படி இழுபடும், வெயிலில் வருஷக்கணக்காகக் கிடந்தது எப்படி விறைத்து வெடிக்கும் என்று. டயரும் அப்படித்தான். கட்டைவிரல் நகத்தை டயரில் அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சம் இறங்கி, எடுத்ததும் தடம் மறைந்தால் ரப்பருக்கு இன்னும் உயிர் இருக்கிறது. நகமே இறங்கவில்லை என்றால் எவ்வளவு அழகான பட்டன் இருந்தாலும் மழையில் அது மரச்சக்கரம்தான். வாங்கும்போதும் டிசைனைப் பார்ப்பதைவிட, ரப்பர் கலவையில் சிலிக்கா சேர்த்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஈரத்தில் பிடிப்பதற்காகவே அதைச் சேர்க்கிறார்கள். கரித்தூள் மட்டும் சேர்த்த விலை குறைந்த டயர் நாள்பட உழைக்கும், ஆனால் ஈரத்தில் அந்த அளவு பிடிக்காது.

அடுத்தது காற்று. கம்ப்ரசரில் காற்றடிக்கும் கடைகளில் கல் மாதிரி ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். கல்லாக இருக்கிற டயர் ஜல்லி முனைகளின் மேல் துள்ளும். தொடுகிற இடமும் சுருங்கிவிடும். நான் மழை நாளில் பின்னால் 45, முன்னால் 38 பி.எஸ்.ஐ வைத்துக்கொள்கிறேன். என் எடைக்கும் 35 மில்லிமீட்டர் டயருக்கும் அது சரியாக இருக்கிறது. மெலிந்த டயருக்கு இதைவிடக் கூட வேண்டும், இல்லாவிட்டால் குழியில் இறங்கும்போது ரிம் இடித்து ட்யூப் கடிபடும்.

ஸ்லிக் வழுக்கவே வழுக்காது என்று நான் சொல்லவில்லை. ஆடியில் ஒரு நாள் எங்கள் தெரு கான்கிரீட் சந்தில் பச்சைப் பாசி படிந்த இடத்தில் திரும்பும்போது விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன். அதே வாரம் அதே இடத்தில் எதிர்வீட்டுப் பையனும் விழுந்தான், அவனுடையது முழுப் பட்டன் டயர். பாசி, ரோட்டில் அடித்த வெள்ளைப் பெயின்ட், ரயில்வே கேட் தண்டவாளம், முட்டம் ரோட்டில் காற்று கொண்டுவந்து தூவும் மணல், முதல் மழையில் தூசியும் எண்ணெயும் குழைந்த முதல் கால் மணி நேரம், இவை எதற்கும் எந்த டிசைனும் துணைக்கு வராது. பட்டன் போய்க் குத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை. நிமிர்த்தி, பிரேக் பிடிக்காமல் நேராகத் தாண்டுவதுதான் வழி.

அப்புறம், மொட்டை டயர் என்று ஒரே பேரில் இரண்டைச் சொல்கிறோம். ஸ்லிக்காகவே வார்த்தது வேறு, தேய்ந்து மொட்டையானது வேறு. தேய்ந்ததை மாற்றத்தான் வேண்டும். வழுக்கும் என்பதால் இல்லை, ரப்பர் மெலிந்து உள்ளே நூல் தெரிய ஆரம்பித்தால் உடைமுள்ளும் கண்ணாடித் துண்டும் நேரே ட்யூப்புக்குப் போய்விடும் என்பதால். இந்த ஒன்றில் தடித்த பட்டன் டயருக்கு ஒரு மார்க் கூடுதலாகக் கொடுக்கலாம். ஸ்லிக்கில் எனக்கு எட்டு மாதத்தில் மூன்று பஞ்சர்.

மண் பாதையில் பட்டனை அடிக்க ஆள் இல்லை. கீரிப்பாறையிலிருந்து காளிகேசம் பக்கம் ரப்பர் மரங்களுக்கு இடையே ஈரச் செம்மண்ணில் போனால், பட்டன் மண்ணுக்குள் இறங்கிக் கடிக்கும். ஸ்லிக் நின்ற இடத்திலேயே சுற்றும். நான் அந்தப் பக்கம் போனது நாலைந்து தடவைதான், அதற்கு மேல் அளந்து சொல்ல என்னால் ஆகாது. ரோடும் மண்ணும் பாதிப் பாதி என்று இருப்பவர்கள் நடுவில் வழவழப்பும் ஓரத்தில் பட்டனுமாக வருகிற செமி ஸ்லிக்கைப் பார்க்கலாம். நண்பருடையதை ஒரு வாரம் ஓட்டினேன். நேர் ரோட்டில் நன்றாகப் போகிறது, ஆனால் தார் ரோட்டு வளைவில் சாய்க்கும்போது அந்த ஓரப் பட்டன் மேல்தான் ஏறி நிற்க வேண்டியிருக்கிறது.

மாசி பிறந்ததும் பின் டயரை அண்ணாச்சியிடம் கழற்றிக் காட்டினேன். நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தார். "ரப்பர் கொள்ளாம்" என்றார், நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பட்டன் ஜோடியை நான் தூக்கிப் போடவில்லை, சாய்ப்பில் ஆணியில் தொங்குகிறது. அடுத்த தடவை காளிகேசம் போகும்போது மாட்ட வேண்டும்.