திருவிழாப் படங்களுக்கு எண்ணிடும் நிரல்: சில பருவங்கள் ஓட்டிப் பார்த்தபின்

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோவில் மகோற்சவம் 25 நாள். கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை நாளுக்கு ஒரு கோப்புறை, ஒவ்வொன்றிலும் இரண்டு கமராக்களின் படங்கள். அத்தனையையும் ஒரே தொடர் எண்ணில் அடுக்கி அல்பம் செய்பவரிடம் கொடுக்க வேண்டும். எங்கள் ஸ்ரூடியோவில் இந்த வேலையைச் செய்வது பைதன் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு சின்ன நிரல். அதைச் சுருக்கி எழுதிச் சில திருவிழாக்கள் கடந்துவிட்டதால் நிறைகுறையைத் துணிந்து சொல்லலாம்.

முன்பு இருந்தது பலர் கைமாறி வந்த நிரல். மஞ்சத்துக்கு ஒரு துண்டு, சப்பறத்துக்கு ஒரு துண்டு, தேருக்கு ஒரு துண்டு. கோப்புறையின் பாதையைத் தவிர எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. எண் ஒற்றை இலக்கமானால் முன்னால் நான்கு பூச்சியம், இரட்டை இலக்கமானால் மூன்று என்று ‘இஃப்’ நிபந்தனைகளின் அடுக்கு வேறு. ‘ஐந்து இலக்கமாக எழுது’ என்ற ஒரு வடிவக் குறிப்பு அந்த அடுக்கை விழுங்கிவிட்டது. பைதன் 3.4 முதல் கூடவே வரும், கோப்புப் பாதைகளைக் கையாளும் பாத்லிப் தொகுதியைக் கொண்டு எல்லாக் கோப்புறைகளையும் ஒரே சுற்றில் நடக்கலாம். இதெல்லாம் எவரும் செய்யக்கூடியது.

உண்மையான சிக்கல் வரிசையில் இருந்தது. கோப்புறையில் இருப்பவற்றைச் சொல்லும் ‘லிஸ்ட்டிர்’ கட்டளை தரும் பட்டியலின் வரிசைக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. விண்டோஸில் அது பெயர்வரிசையில் வந்துகொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. கணினியை லினக்ஸ் வகையான உபுண்டுவுக்கு மாற்றியதும் படங்கள் தாறுமாறாக வந்தன. சரி, பெயர்ப்படி அடுக்கலாம் என்றால், கமராவின் எண் 9999ஐத் தொட்டதும் மறுபடி 0001இல் தொடங்கிவிடுகிறது. ஒரு வருடம் தேர் இருப்பிடத்துக்குத் திரும்பும் படங்கள், தேர் புறப்படும் படங்களுக்கு முன்னால் வந்து நின்றன. பெயரை நம்பாமல், படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் எடுத்த நேரத்தை வைத்து அடுக்கியபின்தான் அமைதி.

அடுத்தது இன்னும் பொல்லாதது. அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் விண்டோஸில் பெயர்மாற்றக் கட்டளை பிழை காட்டி நின்றுவிடும். லினக்ஸில் பழையதன் மேல் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்துவிடும். நடுவில் ஒரு படத்தைச் செருகி, 00457ஐ 00458 ஆக்கினால் பழைய 00458 போனதுதான். அதற்காகவே நிரலை இரண்டாகப் பிரித்தேன். முதற்பகுதி ஒரு கோப்பையும் தொடாது. பழைய பெயர், புதிய பெயர் என்று இணைகளின் பட்டியலை மட்டும் தயாரிக்கும். புதிய பெயர்களில் ஒன்று இரண்டு தடவை வந்தால் அங்கேயே நிற்கும். இரண்டாம் பகுதி எல்லாவற்றையும் முதலில் தற்காலிகப் பெயருக்கும், பிறகு உரிய பெயருக்கும் மாற்றும். கோப்பு நகல் எடுக்கப்படுவதில்லை, பெயர் மட்டுமே மாறுகிறது. ஆகவே இருமுறை மாற்றினாலும் நேரம் பிடிப்பதில்லை.

இந்தப் பிரிப்பினால் வரிகள் கொஞ்சம் கூடின. எனக்கு அதில் வருத்தமில்லை. எல்லாவற்றையும் ஒரே வரியில் திணித்துக் காட்டுவதைச் சுருக்கம் என்று சிலர் பெருமைப்படுவார்கள். திருவிழா இரவில் அந்த வரியைப் பிரித்துப் படிக்க வேண்டியவர் நானல்லவா? “அண்ணை, பட்டியலை முதலில் காட்டுங்கள்” என்று அல்பம் செய்கிற தம்பி கேட்டுவிட்டுத்தான் இப்போது ஓட்டவே விடுகிறான்.

ஒரே படத்தின் ஜேபெக் கோப்பும் கமராவின் மூலக் (ரோ) கோப்பும் ஒரே எண்ணைப் பெற வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ‘.jpg’ போன்ற பின்னொட்டு நீங்கிய பெயரை வைத்து முதலில் கூட்டம் பிரித்து, கூட்டத்துக்கு ஓர் எண் கொடுத்தால் தீர்ந்தது. இரண்டு கமராக்களிலும் ஒரே பெயர் வரக்கூடும் என்பதால் கமராவுக்கு ஓர் உட்கோப்புறை வைத்திருக்கிறோம்.

குறைகளும் உண்டு. பழைய பெயருக்குத் திரும்ப, பட்டியலைக் காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்கிறேன். தமிழ்க் கோப்புறைப் பெயர்கள் எக்செலில் திறக்கும்போது குப்பையாகத் தெரிந்தன; கோப்பின் தொடக்கத்தில் யூனிகோட் அடையாளத்தைச் சேர்த்ததும் சரியாயிற்று. இரண்டு கமராக்களின் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால் மட்டும் நிரல் கைவிரித்துவிடும். ஒன்றின் நேரத்தோடு சில விநாடிகளைக் கூட்டவோ கழிக்கவோ ஒரு வரி வைத்திருக்கிறேன். எத்தனை விநாடி என்பதை இன்னமும் கண்ணால் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.