கிராம்புத் தைலத்துக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் டெஸ்ட்: ஒரு தனியார் லேப்பில் என் அனுபவம்

புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி கிராம்பை வாங்கி, சின்ன அளவில் தைலம் வடிக்கிறோம். லேபிளில் 'ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது' என்று போடச் சொல்லி கடைக்காரர்கள் நச்சரித்தார்கள். சோதிக்காமல் போட மனசு வரவில்லை, அதனால் ஒரு தனியார் லேப்பில் கிராம்புத் தைலத்தையும், ஒப்பிட்டுப் பார்க்க நீலகிரித் தைலத்தையும் கொடுத்தேன்.

சோதனையைக் கிட்ட நின்று பார்க்க விட்டார்கள், அதற்கே ஒரு கும்பிடு. டிபிபிஹெச் என்பது ஆன்டிஆக்ஸிடன்ட் பட்டால் நிறம் வெளிறும் ஒரு ரசாயனம்; அந்தப் பொடியை மெத்தனாலில் கரைத்ததும் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஊதா நிறம். கிராம்புத் தைலம் விட்ட குழாயில் கொஞ்ச நேரத்திலேயே ஊதா வெளிற ஆரம்பித்தது, அரை மணி நேரம் இருட்டில் வைத்து எடுத்தபோது மஞ்சளாகிவிட்டது. பக்கத்தில் நீலகிரி விட்ட குழாயில் ஊதா அசையவே இல்லை. கிராம்பில் பெரும்பகுதி யூஜெனால், அது பீனால் வகை என்பதால் ஹைட்ரஜனைக் கொடுத்து அந்த நிறத்தை அடக்கிவிடுகிறது. நீலகிரியின் சினியோலுக்கு அந்தக் குணம் கிடையாது. அதற்காக நீலகிரி மட்டமில்லை, சளி பிடித்தால் எங்கள் வீட்டில் ஆவி பிடிக்க இன்றும் அதுதான்.

குறைகளும் உண்டு. என் பழுப்பு பாட்டிலில் இருந்ததை வெள்ளைக் கண்ணாடிக் குப்பிக்கு மாற்றி வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தார்கள். வெளிச்சமும் சூடும் தைலத்தைக் கெடுக்கும் என்று நான் சொன்ன பிறகுதான் ஃபிரிட்ஜுக்குப் போனது. 7 நாள் என்றது 12 நாள் ஆனது, அது பரவாயில்லை, ஆனால் வந்த ரிப்போர்ட்டில் '92% இன்ஹிபிஷன்' (டிபிபிஹெச்சை அடக்கிய சதவீதம்) என்று ஒற்றை வரி! எந்தச் செறிவில், எதோடு ஒப்பிட்டு, எத்தனை தடவை செய்து? ஒன்றும் இல்லை. தைலத்தைக் கூடுதலாக ஊற்றினால் சதவீதமும் ஏறும், அதை வைத்து என்ன செய்வது? வேண்டியது ஐசி50, அதாவது அந்த டிபிபிஹெச்சில் பாதியை அடக்க எவ்வளவு தைலம் தேவை என்ற அளவு. அது குறையக் குறைய வீரியம் அதிகம்.

போன் செய்தால் கவுண்டரில், "எல்லாருக்கும் இப்படித்தான் சார் தருவோம்" என்றார்கள். அப்புறம் சோதனை செய்த மேடமே லைனில் வந்து, பொறுமையாகக் கேட்டு, ஒப்பிட வைட்டமின் சி-யையும் கூட வைத்து, 5 செறிவுகளில் ஒவ்வொன்றையும் 3 தடவை 517 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளந்து, வரைபடத்தோடு அனுப்பினார். கூடுதல் காசு கேட்கவில்லை.

5-க்கு மூன்றரை கொடுப்பேன். நீங்கள் போனால் பணம் கட்டும் முன்பே ஐசி50, ஒப்பீட்டுப் பொருள், செறிவுகள் எல்லாவற்றையும் படிவத்தில் எழுத வைத்துவிடுங்கள். அடுத்த மாதம் பட்டை இலைத் தைலம் கொடுக்கப் போகிறேன், அந்த மேடத்திடமேதான்.