எத்திலீனை உறிஞ்சுவதா, ஏற்பியை அடைப்பதா?

எத்திலீன் என்பது காயைப் பழுக்கவைக்கும் வாயு. வாழை, மா, தக்காளி, ஆப்பிள் ஆகியவற்றில் அது கொஞ்சம் சுரந்தாலே அது மேலும் எத்திலீனைக் கிளப்பிவிடும். பெட்டிக்குள் ஒரு காய் பழுத்ததும் மற்றவையும் அடுத்தடுத்துப் பழுப்பது இதனால்தான். இதைத் தள்ளிப்போட இரண்டு வழிகள்: வாயுவை உறிஞ்சிச் சிதைக்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட், காயில் அந்த வாயு ஒட்டும் ஏற்பியையே அடைக்கும் 1-எம்சிபி (1-மெத்தில்சைக்ளோபுரோப்பீன்) வாயு. எதை எடுத்தாலும் முதலில் குளிர் சரியாக இருக்கட்டும். ஆப்பிளுக்கு 0–1 டிகிரி நல்லது. வாழைக்காயை 13 டிகிரிக்குக் கீழே விட்டால் தோல் சாம்பல் பூத்துக் கருக்கும்.

பெர்மாங்கனேட் எளிது. அலுமினா அல்லது ஸியோலைட் மணிகளில் ஏற்றி, காற்றுப் புகும் சிறு பைகளில் வரும். மூடிய பாலித்தீன் உறைக்குள் நன்றாக வேலை செய்யும். திறந்த கூடையில் போட்டால் வீண். மணி ஊதாவிலிருந்து பழுப்பாகும்போது சக்தி தீர்கிறது. ஒன்றை உடைத்துப் பாருங்கள்: நடுவில் ஊதா இருந்தால் இன்னும் கொஞ்சம் உழைக்கும். உறைக்குள் நீர் முத்துக் கட்டிப் பை நனைந்தால் கறை பழத்தில் ஏறும், அது உண்ணத் தகாதது.

1-எம்சிபி வலுவானது, ஆனால் மன்னிக்காது. பொடியில் நீர் பட்டதும் வாயு பிரியும். உணவுப் பொருளுக்கு அளவு 1 பிபிஎம் வரைதான், அதாவது 1000 லிட்டர் காற்றுக்கு 1 மில்லிலிட்டர் வாயு. காற்றுப் புகாத அறையில் 12 முதல் 24 மணி நேரம் வைக்க வேண்டும். கதவிடுக்கில் கசிந்தாலோ, ஈர மரப்பெட்டிகள் வாயுவைக் குடித்துவிட்டாலோ காய்க்கு எட்டுவது குறையும். பழுக்கத் தொடங்கிய வாழையில் கொடுத்தால் தோல் திட்டுத் திட்டாக மஞ்சளாகும். பேரிக்காயில் அளவு மிஞ்சினால் கல்லாகவே கிடக்கும். பிறகு பழுக்க வைப்பது பெரும்பாடு.

ஆகவே மாதக்கணக்கில் கிடங்கில் நிற்கும் ஆப்பிளுக்கு 1-எம்சிபி. சில நாள் பயணத்துக்குப்பின் பழுத்தே தீரவேண்டிய வாழைக்கு உறையும் பெர்மாங்கனேட்டும்.

எத்திலீன் சில பூக்களையும் வாடவைக்கும், ஆனால் அங்கே கணக்கு மாறும். கார்னேஷனுக்கு, தண்டு வழியே ஏறும் வெள்ளி தயோசல்பேட்தான் நெடுநாள் காக்கும்; 1-எம்சிபி கொடுத்தாலும் புது ஏற்பிகள் முளைத்து விடுகின்றன. ஆனால் வெள்ளி கன உலோகம், மிச்சக் கரைசலைச் சாக்கடையில் கொட்டக்கூடாது. உண்ணும் பொருளில் அறவே கூடாது. செவ்வந்தி, ஜெர்பரா எத்திலீனுக்கு அசையாதவை, அவற்றுக்கு இவை எதுவும் வேண்டாம்.