ஐகேல் இணைப்பா, சேனல் மேனேஜரா?

கொடைக்கானலில் ஆறு அறை வைத்து விடுதி நடத்துபவர் புக்கிங் டாட் காம், ஏர்பிஎன்பி ஆகிய இரண்டு முன்பதிவுத் தளங்களிலும் அறைகளை ஏற்றினால் வரும் முதல் தலைவலி, ஒரே அறை இரண்டு பேருக்குப் போய்விடுவது.

இதைத் தவிர்க்க இரண்டு வழி. முதலாவது ஐகேல் (iCal), ஒரு தளத்தின் காலண்டரை மற்றதோடு இணைப்பது. இதற்குச் செலவில்லை. ஒரு தளத்தின் காலண்டர் முகவரியை நகலெடுத்து மற்றதில் ஒட்ட வேண்டும். அங்கிருந்து இங்கேயும் அப்படியே. பலர் ஒரு பக்கத்தோடு விட்டுவிடுகிறார்கள். தேதியை மட்டும்தான் அது கடத்தும், வாடகையை அல்ல. புதுப்பிக்க மணிக்கணக்கில் ஆகலாம். மே மாதச் சனிக்கிழமையில் இரட்டைப் பதிவு விழ அந்த இடைவெளியே போதும். ஒரே வகையில் நான்கு அறை இருந்து ஒன்று விற்றால், மூன்று மீதி என்று அதற்குச் சொல்லத் தெரியாது. தனி வீடு ஒன்றை மட்டும் வாடகைக்கு விடுபவருக்குப் பரவாயில்லை. ஆறு அறைக்கு ஒத்துவராது.

இரண்டாவது சேனல் மேனேஜர், எல்லாத் தளங்களிலும் உள்ள அறைகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள். இதற்குச் சந்தா உண்டு. ஆனால் மீதி அறைகள், வாடகை, குறைந்தபட்ச இரவுகள் எல்லாம் பெரும்பாலும் சில நிமிடங்களில் எல்லாத் தளங்களுக்கும் போய்விடும். தவறு நடப்பது தொடக்கத்தில்தான்: அறை வகைகளைப் பொருத்தும்போது டீலக்ஸை ஸ்டாண்டர்டோடு இணைத்துவிட்டால், 3,500 ரூபாய் அறை 2,000-க்கு விற்றுப்போகும். பொருத்தியதும் ஒரு தேதியை மூடி, தளங்களில் சரிபாருங்கள். நேரில் வருபவருக்குக் கொடுத்த அறையையும் உடனே அதில் ஏற்ற வேண்டும். நோட்டில் மட்டும் எழுதி வைத்தால், மாலைக்குள் அதே அறை இணையத்தில் விற்றிருக்கும்.